மூன்று எண்ணிய பிறகு நகரும் கார்

1

'டி'யில் போட்டுவிட்டு மூன்று எண்ண வேண்டும். அதன் பிறகுதான் எங்கள் கார் முன்னுக்கு நகர மனம் வைக்கும். நகரும்போது அடியில் யாரோ காலால் உதைத்த மாதிரி 'டொக்' என்று ஒரு சத்தம் வேறு.

நாங்கள் இந்த நாட்டுக்கு வந்து இந்தக் கிழமையோடு பத்தொன்பது வருடம். கைக்குழந்தையோடும் இரண்டு பெட்டிகளோடும் எங்கள் கடற்கரை ஊரான கல்முனையிலிருந்து புறப்பட்டு, நியூசிலாந்தின் வெலிங்டன் நகரத்தில் வந்து இறங்கினோம். அதை ஞாபகம் வைத்து ஊரிலிருந்து போன் எடுத்தவர்களிடமெல்லாம் நான் கியர்பொக்ஸைப் பற்றித்தான் கதைத்தேன். வெளிநாட்டில் இருக்கிற மனிசனுக்கு வேறு கவலையே இல்லையா என்று அவர்கள் நினைத்திருப்பார்கள். உண்மையில் இந்த மூன்று மாதமும் எனக்கு வேறு கவலை இருக்கவில்லை. இருந்த கவலை எல்லாம் அந்தக் கியர்பொக்ஸுக்குள்ளேதான் கிடந்தது.

ஓட்டோமெட்டிக் ஓட்டாதவர்களுக்காக ஒரு சொல். இதில் காலால் மிதிக்கிற கிளட்ச் இல்லை. இடது கைப்பக்கம் ஒரு தடி. நிறுத்தி வைக்க 'பி', பின்னுக்குப் போக 'ஆர்', எதிலும் சேராமல் நிற்க 'என்', அதாவது நியூட்ரல், முன்னுக்குப் போக 'டி'. ஒரு முறை 'டி'யில் போட்டுவிட்டால் மிச்சத்தைக் கார் பார்த்துக்கொள்ளும். பார்த்துக்கொள்ள வேண்டும். எங்கள் கார் யோசித்தது.

கார் ஜப்பானில் பிறந்தது, இருபது வயதுக்கு மேல். அங்கே யாரோ ஓட்டி, பிறகு கப்பலேறி இங்கே வந்து, பதினொரு வருடத்துக்கு முன் எங்களிடம் சேர்ந்தது. சாவியைத் திருகியதும் உள்ளுக்குள்ளிருந்து ஒரு பெண் ஜப்பான் மொழியில் மரியாதையாக ஏதோ சொல்லுவாள். என்ன சொல்கிறாள் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. வாங்கிய புதிதில் மகள் நஸ்ரினுக்கு எட்டு வயது. அந்தக் குரல் கேட்டதும் பின் ஆசனத்திலிருந்து "வஅலைக்கும் ஸலாம்" என்று பதில் சொல்லிவிட்டுச் சிரிப்பாள்.

எங்கள் வீடு ஒரு குன்றின் உச்சியில். நான் பராமரிப்பாளராக வேலை செய்கிற பாடசாலை அடிவாரத்தில். கல்முனையில் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. பாலத்தில் ஏறி இறங்குவதுதான் மலையேற்றம். இங்கே பாண் வாங்கப் போவதென்றாலும் இறங்கி ஏற வேண்டும். அதனால் கார் இல்லாமல் முடியாது.

2

நான் மெக்கானிக் இல்லை. ஆனால் ஊரில் அரிசி ஆலையொன்றின் லொறியை ஆறு வருடம் ஓட்டியவன். வண்டியைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை என்ற தலைக்கனம் அன்றே வந்துவிட்டது. அது என்னோடு விமானத்திலும் ஏறி வந்தது.

முதலில் ஒயிலைப் பார்த்தேன். கியர்பொக்ஸ் ஒயிலைப் பார்க்கிற முறை வேறு: கார் நன்றாகச் சூடேறியிருக்க வேண்டும், சமதரையில் நிற்க வேண்டும், இஞ்சின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். எங்கள் குன்றில் சமதரை தேடிப் பிடிப்பதே ஒரு வேலை. கடைசியில் பள்ளிவாசலின் வாகனத் தரிப்பிடத்தில், நண்பகல் ளுஹர் தொழுகை முடிந்து எல்லாரும் போன பிறகு, அளவுக் கம்பியை உருவி வெள்ளைக் கடதாசியில் துடைத்துப் பார்த்தேன். அளவு சரி. நிறம் சரியில்லை. றோஸ் சர்பத் நிறத்தில் இருக்க வேண்டியது, நெடுநேரம் ஊறிய பிளேன்டீ நிறத்தில் இருந்தது. முகர்ந்தால் கருகல் மணம். அந்தக் கடதாசியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் திரிந்தேன். வேலை நேரத்திலும் எடுத்து முகர்ந்து பார்ப்பேன். என்ன எதிர்பார்த்தேனோ தெரியாது.

பிறகு சின்னக் கருவியொன்றை வாங்கிக் காரில் சொருகினேன். பிழை இருந்தால் இலக்கம் காட்டும் என்றார்கள். ஒரு பிழையும் இல்லை என்று காட்டியது. பிழை இருக்கிறது என்று எனக்குத் தெரியும், இல்லை என்று அது சொல்கிறது. எனக்கு வந்த கோபத்துக்கு அதைக் கழற்றிக் குப்பையில் போட்டிருப்பேன், பௌசியா பார்த்துக்கொண்டிருந்தாள்.

பௌசியா என் மனைவி. அவளுடைய தம்பி ஜௌபர் கல்முனைக்குப் பக்கத்துச் சாய்ந்தமருதில் கராஜ் வைத்திருக்கிறான். அவனுக்குப் போன் எடுத்தேன்.

"போனப் பொனட்டுக்குக் கிட்டப் புடிங்க மச்சான்," என்றான்.

பிடித்தேன்.

"இஞ்சின்ல ஒரு பிழையும் இல்ல. றிவர்ஸ் போடுங்க பாப்பம்."

போட்டேன். உடனே எடுத்தது.

"இப்ப டி."

ஒன்று, இரண்டு, மூன்று. டொக்.

அந்தப் பக்கம் யாரோ ஒரு முச்சக்கரவண்டியை முறுக்கிப் பார்க்கிற சத்தம் கேட்டது.

"ஒயில் குறைஞ்சா ரெண்டும் சுணங்கும். றிவர்ஸ் டக்கெண்டு எடுக்குது, டி மட்டும்தான் சுணங்குது. அப்ப முன்னுக்குக் கொண்டு போற கிளட்ச்தான் தேஞ்சிரிக்கி."

"ஓட்டோமெட்டிக்ல கிளட்ச் ஏதுடா?"

"உள்ளுக்க இரிக்கி மச்சான், தட்டுத் தட்டா. அது சும்மா தேயாது. ஆரோ பிழையா ஓட்டித் தேச்சிரிக்காங்க. ஊட்ட ஆரு ஆரு ஓட்டுற?"

"நானும் மகளும்."

"மகள் எப்ப இருந்து?"

"நாலு மாசமாப் பழகுறா."

"மறுகா என்ன," என்றான் ஜௌபர்.

பிறகென்ன, பதில் கிடைத்துவிட்டதே என்கிற தொனி. எனக்கு அது போதுமாக இருந்தது.

3

மகளுக்கு மாட்டில் ஆசை. இதை ஊரில் உள்ளவர்களுக்கு எப்படிச் சொல்வது என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன். டொக்டர் ஆகப்போகிறாள் என்று என் ராத்தாவிடம், அதாவது அக்காவிடம், சொல்லி வைத்தது நான்தான். கால்நடை வைத்தியருக்கு உதவியாக வேலை செய்கிற படிப்பைப் படித்து முடித்தாள். வடக்கே இரண்டரை மணித்தியாலத் தூரத்தில் ஒரு சிறிய ஊர். அங்கேயுள்ள மிருக வைத்தியசாலையில் வேலை கிடைத்தது. பண்ணை பண்ணையாகப் போக வேண்டும், பஸ் கிடையாது. சொந்தக் காரும் தனியாக ஓட்டுகிற அனுமதியும் வேண்டும் என்று கடிதத்திலேயே போட்டிருந்தார்கள்.

"நாயோடயும் மாட்டோடயும் கெடக்கவா ஒன்ன இவ்வளவு தூரம் கொண்டு வந்த?" என்று பௌசியா கேட்டாள்.

"மாடு ஏசாது உம்மா," என்றாள் நஸ்ரின்.

எங்கள் பக்கத்தில் மகள் வீட்டை விட்டுப் போவதில்லை. இதை இந்த நாட்டில் வேலை செய்கிற இடத்தில் சொன்னால் யாரும் நம்புவதில்லை. பெண் பிள்ளை பிறந்ததும் வாப்பா அவளுக்கொரு வீடு கட்டத் தொடங்குவார். கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போவார். நானும் அப்படித்தான் கல்முனைக்குடியிலிருந்து சாய்ந்தமருதுக்குப் போனேன். சைக்கிளில் பதினைந்து நிமிடம். என் உம்மா வாசலில் நின்று அழுதார். "பின்னேரம் வந்து தேத்தண்ணி குடிப்பன்தானே, ஏன் அழுறீங்க" என்று நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நஸ்ரினுக்கும் ஒரு வீடு தொடங்கினோம், சாய்ந்தமருதில், பௌசியாவின் வீட்டு வளவுக்குப் பின்னால். யன்னல் உயரத்துக்குச் சுவர் எழும்பியதோடு நிற்கிறது. ஜௌபர் எப்போதாவது படம் அனுப்புவான். போன முறை அனுப்பிய படத்தில் அறைக்குள்ளே யாருடையதோ இரண்டு ஆடுகள் நின்றன. நஸ்ரின் அந்தப் படத்தை வாங்கி வீட்டைப் பார்க்கவில்லை, ஆட்டைப் பார்த்தாள். "இடது பக்க ஆட்டுக்கு வயிறு ஊதியிரிக்கி, மாமாட்ட சொல்லுங்க" என்றாள்.

இனி உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கார் பழுதானது எனக்கு வசதியாக இருந்தது. இந்தக் காரில் இரண்டரை மணித்தியாலம் போக முடியாது என்று சொல்ல எனக்கொரு காரணம் கிடைத்தது. போகாதே என்று வாய் திறந்து சொல்ல எனக்குத் துணிவு இல்லை. 'டி' சுணங்குது என்று சொல்லத் துணிவு இருந்தது. ஒரு பக்கம் அதைத் திருத்த அலைந்தேன். மறு பக்கம் திருந்தாமலே கிடக்கட்டும் என்றும் இருந்தேன். அந்த நாட்களில் ஓரிடத்தில் உட்கார என்னால் முடியவில்லை.

4

இங்கே லைசன் எடுப்பது படிப்படியான வேலை. முதல் படியில் மஞ்சள் 'எல்' தகடு ஒட்டி, பக்கத்தில் முழு லைசன் உள்ள ஒருவரை வைத்துக்கொண்டு ஓட்ட வேண்டும். அடுத்த படிக்கு ஓடிக் காட்டித் தேற வேண்டும். தேறினால்தான் தனியாக ஓட்டலாம். நஸ்ரினுக்கு அந்தச் சோதனை வந்தது.

அலுவலகத்தில் காத்திருந்தோம். ஒரு பெண் பட்டியலைப் பார்த்து "இஸ்மாயில்?" என்று கூப்பிட்டாள். இஸ்மாயில் என் வாப்பா. நாங்கள் வந்த புதிதில் எல்லாப் படிவத்திலும் குடும்பப் பெயர் என்று ஒரு பெட்டி இருந்தது. எங்களுக்கு அப்படியொன்று இல்லையே என்று தடுமாறி வாப்பாவின் பெயரை எழுதிவிட்டேன். அன்றிலிருந்து நாங்கள் எல்லாருமே இஸ்மாயில். வாப்பா வாழ்நாளில் சைக்கிளைத் தவிர வேறொன்றும் ஓட்டியதில்லை. அவருடைய பெயருக்கு எழுந்து, என் மகள் கார் ஓட்டப் போனாள்.

இருபது நிமிடத்தில் திரும்பி வந்துவிட்டார்கள். நாற்பது நிமிடச் சோதனை என்று சொல்லியிருந்தார்கள். அவள் இறங்கிய விதத்திலேயே விளங்கிவிட்டது.

"ஏத்தத்துல பின்னுக்கு எடுத்து நிப்பாட்டச் சொன்னாங்க வாப்பா. நிப்பாட்டிட்டன். மறுகா டி போட்டு எண்ணினன். பதட்டத்துல ரெண்டுலயே பிரேக்க விட்டுட்டன். கார் பின்னுக்குப் போயிட்டு."

"மூணு எண்ணச் சொன்னன்தானே?"

"ஓம். சொன்னீங்க."

அதோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும்.

"இந்தக் கியர்பொக்ஸ நாசமாக்கினதே நீதான் புள்ள. நாலு மாசத்துக்கு முந்தி இந்தக் கார் எப்பிடி ஓடின? வண்டி நிக்க முந்தி றிவர்ஸ்ல இருந்து டி போடுற ஆரு, நானா? பதினொரு வருசம் நான் ஓட்டினன், ஒரு சத்தம் வந்திருக்கா? இதுக்குள்ள நீ தனியப் போகப் போறயாம், மாடு பாக்க!"

சோதனைக்கு வந்த வேறு பிள்ளைகள் அங்கே நின்றார்கள். மொழி விளங்காவிட்டாலும் தொனி எந்த நாட்டுக்காரனுக்கும் விளங்கும். நஸ்ரின் முன்னும் பின்னும் போய் இரண்டு மஞ்சள் தகட்டையும் கழற்றினாள், என் கையில் தந்தாள், பின் ஆசனத்தில் ஏறி இருந்தாள். எட்டு வயதில் இருந்த அதே இடம்.

வீட்டுக்கு வருகிற வழியில் வேறொரு குன்றின் நீண்ட இறக்கம் வரும். அங்கே கண்ணாடியில் அவளைப் பார்த்தேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. கீழே என் இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் கைக்கடிகாரத்தில் நேரம் பார்க்கிறாள் என்று நினைத்தேன்.

5

அடுத்த சோதனைக்கு ஐந்து கிழமை. வேலை தொடங்க ஏழு கிழமை. நஸ்ரின் காரின் பக்கமே போகவில்லை. பஸ்ஸில் போனாள், பஸ்ஸில் வந்தாள். சாப்பாட்டு மேசையில் உம்மாவோடு மட்டும் கதைத்தாள். என்னோடு கதைக்க வேண்டி வந்தால் ஆங்கிலத்தில் கதைத்தாள். எங்கள் வீட்டில் அது கதவைச் சாத்துவதற்குச் சமம்.

நான் வேலையிலிருந்து வந்ததும் காரைத் திறப்பேன், சாவியைத் திருகுவேன், ஜப்பான்காரி சொல்வதைக் கேட்பேன், 'டி' போடுவேன், எண்ணுவேன். 'ஆர்' போடுவேன். திரும்ப 'டி'. பாடசாலையில் கதவுக்குப் பூட்டுப் போடும்போதும் என்னையறியாமல் மூன்று எண்ணினேன்.

"நீங்க காரோட கோவமா, மகளோட கோவமா?" என்று கேட்டாள் பௌசியா.

"காரோடதான்."

"அப்ப கார வாங்கின ஆளோட கதைக்காம இரிங்க. புள்ளயோட கதைங்க."

கார் வாங்கியது நான்தான். அவள் பேச்சு எப்போதும் அப்படித்தான்.

கடைசியில் பள்ளிவாசலில் ஒருவர் சொல்ல, கியர்பொக்ஸ் வேலை மட்டுமே செய்கிற ஒரு கராஜுக்குக் காரைக் கொண்டு போனேன். சமோவா நாட்டுக்காரர், பெயர் சியோனே, கதவை அடைக்கிற உடம்பு, மெதுவான பேச்சு. போகும்போது நஸ்ரினையும் வற்புறுத்திக் கூட்டிக்கொண்டு போனேன். அவள் ஓட்டுவதை அவர் பார்க்க வேண்டும் என்று சொன்னேன். உள்ளுக்குள் இருந்த காரணம் வேறு: தெரிந்த ஒருவரின் வாயால் அவள் குற்றத்தைக் கேட்கட்டும் என்றுதான்.

சியோனே என்னைப் போலத்தான் செய்தார். கம்பியை உருவினார், முகர்ந்தார், 'ஆர்' போட்டார், 'டி' போட்டார். நான் மூன்று எண்ணும்போது அவர் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டார். ஜௌபர் போனில் சொன்னதை அவரும் சொன்னார், முன்னுக்குப் போகிற கிளட்ச் என்று. என் மச்சானை எண்ணி எனக்குப் பெருமையாக இருந்தது.

"யார் ஓட்டுவது?" என்று கேட்டார்.

"பெரும்பாலும் பழகுகிற இந்தப் பிள்ளை," என்றேன். அது பொய். நாளுக்கு நாலு முறை ஓட்டுவது நான். நஸ்ரின் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு வேறு பக்கம் பார்த்தாள்.

அவளை ஓட்டச் சொன்னார். அவர் பக்கத்தில், நான் பின்னால். ஏற்றத்தில் நிறுத்தினாள், பின்னுக்கு எடுத்தாள். கார் முழுசாக நின்ற பிறகுதான் தடியைத் தொட்டாள். மூன்று எண்ணிவிட்டுப் பிரேக்கை விட்டாள். "மிக நன்றாக ஓட்டுகிறாய்," என்றார் சியோனே. பிறகு என்னைப் பார்த்து, "இப்போது நீங்கள். வழக்கமாக வீட்டுக்குப் போகிற மாதிரி ஓட்டுங்கள்," என்றார்.

ஓட்டினேன். அவருக்கு என் அனுபவம் விளங்கட்டும் என்று கொஞ்சம் எடுப்பாகவே ஓட்டினேன். குன்றின் முதுகில் ஏறி அந்தப் பக்கத்து நீண்ட இறக்கத்துக்கு வந்தோம். இஞ்சின் சத்தம் அடங்கியது. கார் அலுங்காமல் கீழே வழுகியது. எனக்கு உடம்பு தளர்ந்து மனதுக்கு இதமாக இருந்தது. "இந்த மாதிரி இறக்கங்கள் எங்கள் நாட்டிலும் உண்டு," என்று அவருக்குச் சொல்லத் தொடங்கினேன். அடிவாரம் வந்தது. இஞ்சின் ஒரு முறை வீணாகக் கத்தியது, பிறகு 'டொக்'.

"நிறுத்துங்கள்," என்றார் சியோனே.

ஓரமாக நிறுத்தினேன்.

"இதை எத்தனை வருடமாகச் செய்கிறீர்கள்?"

"எதை?"

அவர் என் இடது கையைக் காட்டினார். கை தடியின் மேல் இருந்தது.

"இறக்கத்தின் தொடக்கத்தில் நியூட்ரலில் தட்டினீர்கள். அடிவாரத்தில், கார் ஓடிக்கொண்டிருக்கும்போதே, திரும்ப 'டி'யில் போட்டீர்கள்."

நான் செய்யவில்லை என்று சொல்ல வாய் திறந்தேன். ஆனால் இஞ்சின் அடங்கியதை நானே கேட்டிருந்தேன். 'டி'யிலிருந்து நியூட்ரலுக்குப் போக எந்தப் பொத்தானையும் அழுத்தத் தேவையில்லை. ஒரு விரல் தட்டினால் போதும். என் விரல் என்னிடம் கேட்காமலே தட்டியிருக்கிறது. அன்று மட்டுமல்ல, பதினொரு வருடமாக.

சியோனே தன் இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து வைத்தார். ஒன்றை அசையாமல் வைத்துக்கொண்டு மற்றதை வேகமாகத் தேய்த்தார். "ஒவ்வொரு முறையும் இப்படித்தான். கருகல் மணம் இதிலிருந்துதான் வருகிறது." பிறகு ஏன் அப்படிச் செய்கிறேன் என்று கேட்டார். பெட்ரோல் மிச்சம் பிடிக்க என்றேன். அவர் சிரிக்கவில்லை, அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. "இந்தக் கார் 'டி'யில் இறங்கும்போது பெட்ரோலைத் தானாகவே நிறுத்திவிடும். நியூட்ரலில் போட்டால்தான் குடிக்கும்," என்றார்.

பின் ஆசனத்தில் நஸ்ரின் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். சிரித்திருந்தாலாவது தாங்கியிருப்பேன்.

6

இந்தக் கையின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கல்முனையிலிருந்து அரிசி ஏற்றிக்கொண்டு கண்டிக்குப் போவோம். திரும்பும்போது வெறும் லொறி. மகியங்கனைப் பக்கம் பதினெட்டு வளைவில் இறங்க வேண்டும். வளைவுகளைக் கியரில் இறங்கி முடித்து, கீழே சமவெளியை நோக்கிச் சரிவு விழுகிற இடத்தில் நியூட்ரல் தட்டுவோம். எங்கள் பக்கத்து லொறிக்காரர்கள், வான்காரர்கள், பஸ்காரர்கள் எல்லாரும் தட்டினார்கள். டீசல் மிச்சம் பிடிக்காதவன் சாரதியே இல்லை. சிலர் வளைவிலேயே தட்டினார்கள். அதில் சிலர் வீட்டுக்கு வரவில்லை. நான் வந்தேன் என்பதால் என்னைக் கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டேன்.

லொறியை விட்டுப் பத்தொன்பது வருடம் ஆகியும் கை மட்டும் இன்னும் அந்தச் சரிவில் இறங்கிக்கொண்டிருந்திருக்கிறது. மொழியை மாற்றினேன், சாப்பாட்டு நேரத்தை மாற்றினேன், வாப்பாவின் பெயரையே குடும்பப் பெயராக மாற்றினேன். இதை மாற்ற வேண்டும் என்று எனக்குத் தெரியவே இல்லை.

அன்று சியோனேயைக் கராஜில் இறக்கிவிட்டு, அவர் இருந்த இடத்தில் நஸ்ரின் ஏற, வீட்டுக்கு வந்து காரை நிறுத்தினோம். நஸ்ரின் இறங்கப் போனாள்.

"இரி மகள்," என்றேன். "நான்தான் ஒடச்ச. ஒன்ன அத்தன பேருக்கு முன்னால ஏசினது பிழை. இண்டைக்கு அந்த மனிசனிட்ட பொய்யும் சொன்னன். மன்னிச்சுக்க."

மகளிடம் மன்னிப்புக் கேட்பது எங்கள் வாப்பாமார் பழகாத வேலை.

"தெரியும் வாப்பா," என்றாள். தமிழில் சொன்னாள்.

"என்ன தெரியும்?"

"நீங்க நியூட்ரல் போடுற. டிரைவிங் சொல்லித் தந்த மிஸ் மொத நாளே சொன்னவ, ஓடக்குள்ள போடக் கூடாதெண்டு. மறுகாதான் நான் உங்கட கையப் பாத்த."

"அப்ப நாலு மாசமாத் தெரியுமா? நான் அவ்வளவு ஏசக்குள்ளயும் ஏன் சொல்லல்ல?"

அவள் ஆசனப் பட்டியை இழுத்து விட்டாள், திரும்ப இழுத்து விட்டாள்.

"சொன்னா விட்டிருவீங்க."

"விடத்தானே வேணும்?"

"இஞ்சின் சத்தம் நிண்டா நீங்க கதைக்கத் தொடங்குவீங்க வாப்பா. லொறிக் கதை, பெரியப்பாட கதை, என்னவாச்சும். சின்னதுல இருந்து அப்பிடித்தான். கீழ வந்து டி போட்டதும் மறுகா ஏச்சுத்தான், படிச்சயா, தொழுதயா எண்டு." கொஞ்சம் நிறுத்தினாள். "அந்த எறக்கத்துல மட்டும்தான் நீங்க ஏசாம கதைப்பீங்க."

நான் கண்ணாடியைப் பார்த்தபடி இருந்தேன். அழுகை வந்தது, அழுதேன். அவள் பக்கத்திலேயே இருந்தாள்.

7

பழைய கியர்பொக்ஸைத் திருத்துவது வீண் என்று சியோனே சொன்னார். உடைந்த கார்களைக் கழற்றி விற்கிற இடத்தில் அதே வகைக் காரின் கியர்பொக்ஸ் ஒன்றை அவரே தேடிப் பிடித்துப் பூட்டினார். திரும்பத் தரும்போது 'டி'க்கும் நியூட்ரலுக்கும் நடுவில் ஒரு துண்டு சிவப்பு டேப் ஒட்டியிருந்தார். "இது பிள்ளைக்கு அல்ல," என்றார்.

'டி' போட்டேன். ஒன்று என்று எண்ணுவதற்குள் கார் நகர்ந்தது. வாயில் இரண்டும் மூன்றும் மிச்சமிருந்தன.

அலுவலகத்தில் மறுபடியும் "இஸ்மாயில்?" என்று கூப்பிட்டார்கள். நாற்பது நிமிடம் கழித்து வந்தாள். வாப்பாவின் பெயரில் ஒரு லைசன் வந்தது. ஜௌபருக்குச் செய்தி அனுப்பினேன், கியர்பொக்ஸை உடைத்தது யார் என்பதையும் சேர்த்து. அவன் பதிலுக்கு ஒரு நிமிடம் சிரித்த சிரிப்பைக் குரல் பதிவாக அனுப்பினான். கூடவே, அந்த ஆட்டுக்கு வைத்தியம் பார்த்தாயிற்று, நஸ்ரின் சொன்னது சரி என்றும் சொன்னான்.

புறப்படுகிற நாள் ஒரு சனிக்கிழமை, விடியற்காலை ஸுபஹ் தொழுதுவிட்டு. பௌசியா காரின் பின்பக்கத்தைச் சட்டி பானை, அரிசி, மாசிக் கருவாடு, ஒரு போத்தல் தேங்காயெண்ணெய் என்று நிரப்பியிருந்தாள். கார் சாவிக்கு மூன்று தரம் ஓதி ஊதினாள். மகளைக் கட்டிப்பிடித்தாள், வாசலில் நின்று அழுதாள். பின்னேரம் வந்து தேத்தண்ணி குடிப்பாள்தானே என்று சொல்ல எனக்கு வழியில்லை.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளையை அவனுடைய ஆட்கள் பெண் வீடு வரைக்கும் கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு வருவார்கள். நான் என் மகளைக் கொண்டு போய் விட்டுவிட்டுப் பஸ்ஸில் திரும்புவதற்கு டிக்கட் எடுத்திருந்தேன்; கார் அவளுக்கு, இனி எனக்குப் பஸ்தான். அவள் ஓட்டினாள். நான் பக்கத்தில் இருந்தேன், பதினொரு வருடத்தில் முதல் முறையாக அந்த ஆசனத்தில் ஒரு வேலையும் இல்லாமல். சாவியைத் திருகியதும் ஜப்பான்காரி மரியாதையாக ஏதோ சொன்னாள்.

"வஅலைக்கும் ஸலாம்," என்றாள் நஸ்ரின்.

குன்றின் முதுகைக் கடந்து அந்த நீண்ட இறக்கத்துக்கு வந்தோம். கார் மூக்கைக் கீழே சாய்த்தது. என் வலது கை எழுந்து தடியை நோக்கிப் போய்விட்டது. சிவப்பு டேப்பைத் தொட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது.

"வாப்பா. கை."

கையை எடுத்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். அவள் 'டி'யிலேயே இறக்கினாள். இஞ்சின் நிற்காமல் இரைந்துகொண்டே வந்தது. எனக்கு வாயில் என்னவெல்லாமோ வந்தது: இரவில் ஓடாதே, மழைக்கு வேகமாகப் போகாதே, தொழுகையை விடாதே, வந்து சேர்ந்ததும் போன் எடு. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

"ம், சொல்லுங்க," என்றாள் ரோட்டைப் பார்த்தபடி.

"என்னத்த?"

"பதினெட்டு வளைவு."

இஞ்சின் சத்தத்துக்கு மேலால் சத்தமாகத்தான் சொல்ல வேண்டியிருந்தது. முதல் வளைவிலிருந்து தொடங்கினேன். அடிவாரம் வந்தது, கடந்தோம், பெரிய ரோட்டில் ஏறினோம். நான் இன்னும் நாலாவது வளைவில்தான் நின்றேன்.